டொமிங்கா டிம் அடித்தாளா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாவியா வந்தால் கையில் இறைச்சிப் பொட்டலம் இருக்கும். ஊரில் யார் வீட்டில் பன்றி அறுத்தாலும், தன் பங்கில் பாதியை நாத்தனார் டொமிங்காவுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டுவாள். அப்படிப்பட்ட மனுஷி இன்றைக்கு வெறுங்கையோடு வாசலில் நின்றாள். டொமிங்காவின் புருஷன் நெஸ்டர்தான் கதவைத் திறந்தான்.

"உள்ள வாங்க மனாங். சூடா காப்பி இருக்கு." அந்த மலைப் பக்கம் அக்காவை மனாங் என்பார்கள், அண்ணனை மனோங்.

"காப்பி குடிக்கிற நிலைமையிலயா இருக்கேன்? எங்க அவ?"

அவள் லாரி மேலே இருந்தாள். முட்டைக்கோஸ் மூட்டைகளின் உச்சியில் ஏறி, பல்லால் கயிற்றைக் கவ்விக்கொண்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள் டொமிங்கா. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் நெஸ்டருக்கு அந்தக் காட்சி அலுக்கவில்லை.

மனைவி வண்டி ஓட்ட, புருஷன் பக்கத்து இருக்கையில் கைகட்டி உட்கார்ந்து வருகிறானே என்று பிலிப்பைன்ஸின் மலையூரான அட்டோக்கில் கேலி பேசாதவன் கிடையாது. "என்னடா நெஸ்டர், இன்னிக்காவது ஹாரன் அடிக்க விட்டாளா?" என்பார்கள். "நேத்து விட்டா. நல்லாத்தான் அடிச்சேன்" என்பான் இவனும். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. அவள் ஓட்டுகிற அழகைப் பார்த்த பிறகு, நாம் எதற்கு என்று விட்டுவிட்டான்.

ஹால்செமா மலைச்சாலையில் காய்கறி லாரி ஓட்டுகிற ஒரே பெண்பிள்ளை அவள்தான். அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். கீழே லா டிரினிடாட் சந்தையிலிருந்து கோழி எரு ஏற்றிக்கொண்டு பிளாவியாவின் புருஷன் காஸ்பர் மேலே வந்தார். முட்டைக்கோஸோடு அவருடைய தங்கை டொமிங்கா கீழே இறங்கினாள். மசங்கும் நேரத்தில் ஒரு வளைவில் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே வந்தார்கள். அவள் வண்டி வெளிச்சத்தில் காஸ்பருக்குக் கண் இருட்டியது. வண்டியை மலைப் பக்கம் ஒடித்தார். முன்சக்கரம் சாக்கடையில் இறங்க, எரு மூட்டைகள் வெடித்துச் சாலையெல்லாம் பரவின.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையிலிருந்து கால்வரை கோழி எருவோடு இறங்கி வந்த மனிதர், "கூடப் பொறந்தவனுக்குக்கூட டிம் அடிக்க மாட்டியா?" என்று கேட்டார். "அடிச்சேன் மனோங்" என்றாள் இவள். "பொய் சொல்லாத" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்தான். அண்ணன் தங்கைக்குள் அன்றோடு பேச்சு நின்றது.

டொமிங்கா சரசரவென்று இறங்கி வந்தாள்.

"சொல்லுங்க மனாங்."

"லாரி சங்கத்துல புகார் குடுத்துட்டார்டி உங்கண்ணன். இன்னிக்கு சாயங்காலம் லா டிரினிடாட் சந்தையில கூட்டம். இந்த சீசன் முழுக்க லோடு ஏத்துற முறைப் பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுக்கணும்னு கேட்டிருக்கார். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல."

அந்தச் சாலையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் மேகம். எதிர்வண்டிக்கு டிம் அடிக்காதவனை யாரும் மன்னிப்பதில்லை. சீசன் முழுக்க முறை போனால் லாரிக்குச் சோறு இல்லை. அதைவிட, 'அண்ணனையே கவுக்கப் பாத்தவ' என்ற பேச்சு அவள் கிழவியாகும் வரை கூட வரும்.

பிளாவியா குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு பண்ணு. மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அசதி, கண்ணு சொருகிடுச்சு, கை போகல. அவ்வளவுதான். அவர் புகாரை வாபஸ் வாங்கிடுவார், நானாச்சு."

"மறந்திருந்தா சொல்வேன் மனாங். மறக்கலையே."

"அப்ப உங்கண்ணன் பொய் சொல்றாரா?"

"மனோங் வாயில பொய் வராது."

"நீயும் நெசம், அவரும் நெசம். அப்ப அந்த எரு மட்டும் ஏன் எங்க வாசல்ல நாறுது?"

பிளாவியாவின் பார்வை லாரியின் முன் விளக்குகள் மேல் போய், அங்கிருந்து நெஸ்டர் மேல் வந்து நின்றது.

"எல்லாம் இவர் வாங்கி மாட்டின பல்பு வந்த நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். காப்பியைத் தொடவே இல்லை.

நெஸ்டருக்குச் சுருக்கென்றது. அந்தப் பல்புகள் அவனுடைய பெருமை. பழைய பல்பு இரண்டும் மஞ்சளாக அழுது வடியும். அதிலும் வலது ஓரம், பள்ளத்துப் பக்கம், சுத்தமாகத் தெரியாது. "நெஸ்டர், பாதி ரோட்டைக் கண்ணால பாத்து ஓட்டறேன், மீதியை மனசால ஓட்டறேன்" என்று ஒருநாள் அவள் விளையாட்டாகச் சொன்னாள். அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே சந்தைக்குப் பக்கத்து உதிரிபாகக் கடையில், இருப்பதிலேயே பளிச்சென்ற வெள்ளை எல்இடி பல்பாகப் பார்த்து வாங்கி வந்தான்.

மாட்டிய அன்று தெருவே வந்து பார்த்தது. அடுத்த வீட்டுச் சேவல் விடிந்துவிட்டது என்று கூவியது. டொமிங்கா மட்டும் சாலையைப் பார்த்துக்கொண்டே, "நடுவுல பகல் மாதிரி இருக்கு, அந்த ஓரம்தான் இன்னும் வரல" என்றாள். எதிரே வந்தவர்கள் வேறு வெளிச்சத்தைப் பளிச் பளிச்சென்று அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். அவள் பல்பைக் கழற்றிச் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். விளக்கின் திருகைத் திருப்பி வெளிச்சத்தைக் கீழே இறக்கினாள். அப்படியும் திட்டு நிற்கவில்லை.

"டொமிங், பேசாம மறந்துட்டேன்னு சொல்லிட்டா என்ன?" என்று மெல்லக் கேட்டான் நெஸ்டர்.

அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் மளமளவென்று வண்டியில் ஏறிக்கொண்டான்.

*

மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். உப்புக்கண்டம் போட்ட பன்றியிறைச்சியும் சோறும். வழக்கமாக முதல் மேடு தாண்டுவதற்குள் பாதியைக் காலி செய்துவிடுகிறவள் இன்றைக்குத் திறக்கவே இல்லை. நெஸ்டரும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு தன் பங்கைத் தின்றான்.

"நாலு பேர் நடுவுல மனோங் எழுந்து நின்னு என்னைப் பொய்க்காரின்னு சொல்வார்" என்றாள் திடீரென்று. "எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கத்துக் குடுத்தவர் அவர்தான் நெஸ்டர். முறை போனா போகுது. அவர் அப்படி நெனச்சுக்கிட்டே இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் கண் கலங்கி நெஸ்டர் பார்த்ததே இல்லை. இப்போதும் கலங்கவில்லை, கியரை மட்டும் ஓங்கி மாற்றினாள்.

மலை முகட்டைத் தாண்டியதும் பனி இறங்கியது. அது வருகிற விதமே தனி. இப்போது இருக்கும் மலை, அடுத்த நிமிஷம் இருக்காது. பட்டப்பகல் சாயங்காலமாகிவிட்டது. டொமிங்கா விளக்கைப் போட்டு, டிம்மில் வைத்தாள். எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது.

நெஸ்டர் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கீழே குதித்தான். பனி கெட்டியானால் பக்கத்து இருக்கைக்காரன் இறங்கி முன்னால் நடக்க வேண்டும், அதுதான் அந்தச் சாலையின் வழக்கம். பள்ளத்து ஓரத்துக் கோட்டின் மேலேயே நடப்பான். அவன் முதுகைப் பார்த்து வண்டி நகரும். இந்த வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. பயந்தவன் அல்லவா, ஓரத்தை அவனைப் போல யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஒரு வளைவில் நின்றுவிட்டான். மழைக்கு ஓரம் அரித்து, கோடு இருந்த இடத்தில் பள்ளம் வாயைத் திறந்திருந்தது. வண்டி இடது பக்கம் ஏறித்தான் வர வேண்டும். அந்த நேரம் எதிரே யாராவது வந்தால் நிறுத்த ஆள் வேண்டுமே என்று சாலையைக் குறுக்கே கடந்து மலைப் பக்கம் போனான். அங்கே நின்று, வரலாம் என்று சொல்லத் திரும்பினான்.

கண் போயிற்று.

கண்ணுக்குள் வெள்ளையைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது. லாரி எங்கே, சாலை எங்கே, தன் கால் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. கையால் முகத்தை மறைத்துக்கொண்டு கத்தினான். "டிம் அடி. ஏய், டிம் அடி டொமிங்."

"டிம்லதான் இருக்கு."

"இல்ல. கண்ணு எரியுது. டிம் அடிம்மா."

வண்டி நின்றது. கதவு திறந்தது.

"நீயுமா?" என்றாள் டொமிங்கா.

அந்த ஒரு வார்த்தை நெஸ்டரை என்னவோ செய்தது. கண்ணை மூடிக்கொண்டே, தட்டுத்தடுமாறிப் பள்ளத்துப் பக்கமாக வந்தான். கண்ணைத் திறந்தான். வெளிச்சம் முழங்காலுக்குக் கீழே சாதுவாகக் கிடந்தது. பம்பரில் எழுதியிருந்த பெயரைக்கூடப் படிக்க முடிந்தது. மறுபடி மலைப் பக்கம் போனான். கண் கூசியது. திரும்பப் பள்ளத்துப் பக்கம் வந்தான். ஒன்றுமில்லை.

"என்ன, டான்ஸ் ஆடறே?"

"டொமிங், இறங்கி வா. வந்து நான் நின்ன இடத்துல நீயே நில்லு. நான் மேல ஏறி சுவிட்சை அமுக்கறேன். நான் சொன்னா நீ நம்ப மாட்டே."

இருவரும் இடம் மாறினார்கள். நெஸ்டர் அவளுடைய இருக்கையில் ஏறி உட்கார்ந்து டிம், பிரைட், டிம் என்று மாற்றிக் காட்டினான். பனிக்குள் அவள் ஒரு கறுப்புக் கோடாக மலைப் பக்கம் நின்றாள், பள்ளத்துப் பக்கம் நடந்தாள், மறுபடி மலைப் பக்கம் போனாள். ரொம்ப நேரம் கழித்து வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஓரத்துல நடந்தே பழகிட்ட நீ. நான் எப்பவும் உள்ள உட்காந்திருக்கேன். எதிர்ல நின்னு நம்ம வண்டியை ரெண்டு பேருமே பாத்ததில்ல" என்றாள். அவள் குரலில் இப்போது தூக்கம் கலைந்த மாதிரி ஒரு வேகம் இருந்தது. "ஏறு. கீழ கேரட் கழுவுற கொட்டகை இருக்கு. அங்க சுவர் இருக்கு."

*

ஞாயிறு என்பதால் கொட்டகையில் ஆளில்லை. உள்ளே இருட்டு. லாரியின் மூக்கை வாசலில் நுழைத்து, எதிர்ச்சுவர் மேல் வெளிச்சம் விழும்படி நிறுத்தினாள். டிம்மில்தான் வைத்தாள்.

சுவரில் வலது பாதியில் வெளிச்சம் இடுப்பளவில் தட்டையாக நின்றது. இடது பாதியில் படியேறுவது போலக் கூரை வரை ஏறிப் போயிற்று.

"பல்பு கோணலா?" என்றான் நெஸ்டர்.

"ரெண்டு பல்பும் ஒரே மாதிரியா கோணும்?"

அவள் முன்னால் போய் வலது பக்க விளக்கின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தாள். மெல்ல நகர்த்தினாள். "சுவரைப் பாத்துச் சொல்லு. எப்ப இடது பக்கம் இறங்குதுன்னு மட்டும் சொல்லு."

"இல்ல... இல்ல... கொஞ்சம் மேல... அங்கதான். பாதி இறங்கிடுச்சு."

அதே இடத்தை அடுத்த விளக்கில் மறு கையால் மூடினாள். கைகளை விரித்து லாரியைக் கட்டிப் பிடித்த மாதிரி நின்றாள். சுவரில் ஏறியிருந்த வெளிச்சம் மொத்தமாக இறங்கித் தட்டையாயிற்று. இரண்டு பக்க விளக்கிலும் ஒரே இடம்தான், கண்ணாடியில் கோடு கோடாகத் தடித்திருந்த ஒரு பகுதி.

"கண்ணாடியே அப்படி வார்த்திருக்கான்" என்றாள். நிமிராமல் யோசித்தாள். அவள் இப்படி யோசிக்கும்போது குறுக்கே பேசினால் கெட்டுவிடும் என்று நெஸ்டருக்குத் தெரியும்.

"நெஸ்டர், இந்த வண்டி ஜப்பான்ல ஓடினப்ப ஸ்டீயரிங் எங்க இருந்துச்சு?"

"என் பக்கம். அந்த ஓட்டையைத்தான் தகரம் வெச்சு அடைச்சிருக்கே. என் முட்டி தினம் அதுலதானே இடிக்குது."

"அங்க இடது பக்கமா போவாங்க. எதிர்வண்டி?"

"வலப்பக்கம் வரும்."

"அதான் வலது பக்கம் தலையைக் குனிஞ்சு போகுது, எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தாம. இடது பக்கம் ஓரம் தெரியட்டும்னு தூக்கி அடிக்குது. நாம போறது வலப்பக்கம். நமக்கு எதிர்வண்டி எந்தப் பக்கம் வரும்?"

நெஸ்டர் சுவரைப் பார்த்தான். கூரை வரை ஏறிய வெளிச்சத்தைப் பார்த்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"துறைமுகத்துல இறக்கினதும் ஸ்டீயரிங்கை மாத்தினான், பெடலை மாத்தினான், வைப்பரைக்கூட மாத்தினான். விளக்கை மாத்தணும்னு எவனுக்கும் தோணல" என்றாள் டொமிங்கா. "பழைய பல்பு மங்கலா இருந்த வரைக்கும் குத்தினது யாருக்கும் தெரியல. எனக்கும் அந்த ஓரம் ஏன் தெரியலன்னு புரியல. நீ நல்ல பல்பா போட்டே, ஒளிஞ்சிருந்த தப்பு வெளிய வந்துடுச்சு."

பெரிய படிப்பெல்லாம் அவள் படித்ததில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மெக்கானிக் படிப்பில் சேர்ந்து, இரண்டாம் வருஷம் பாதியில் அப்பாவின் லாரிக்கு ஆள் இல்லாமல் திரும்பி வந்தவள். அந்த மீதிப் படிப்பை அவள் சாலையில் படித்துக்கொண்டே இருக்கிறாள் என்று நெஸ்டருக்கு அன்றைக்குத் தோன்றியது. அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஒயர் சுற்றுகிற கறுப்பு டேப்பை எடுத்து, கண்ணாடியில் அந்த இடத்தை மட்டும் மூடி ஒட்டினாள். சுவரில் வெளிச்சம் இரண்டு பக்கமும் தட்டையாயிற்று.

"பள்ளத்து ஓரம்?" என்றான் அவன்.

"அது இன்னும் இருட்டுதான். இந்த ஊருக்குன்னு செஞ்ச முழு விளக்கு வாங்கினாத்தான் வரும். அது வரைக்கும் நீ இருக்கியே, மஞ்சள் கோட்டு."

"அப்பாடா. தப்பிச்சோம். நேரா போய்ச் சொல்லு. உன் மேல தப்பு இல்லைன்னு ஆயிடுச்சு. மனோங் மூஞ்சி எங்க போகுதுன்னு பாக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. "அவர் கண்ணு நெசமாவே இருட்டியிருக்கு நெஸ்டர். டிம் அடிச்சேன், அடிச்சேன்னு நான் கத்தினப்ப அவர் எரு அப்பின மூஞ்சியோட நின்னார். நான் அவரைத்தான் பொய்யர் ஆக்கியிருக்கேன்."

*

அவர்கள் சந்தைக்குள் நுழைந்தபோது கூட்டம் பாதி முடிந்திருந்தது. மூட்டைகள் மேலும் கூடைகள் மேலும் ஓட்டுநர்கள் உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மென்றுகொண்டிருந்தார்கள். சங்கத் தலைவர் அம்ப்ரோசியோ கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் இருந்தார். காஸ்பர் தங்கையைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாம்மா. ஒரே கேள்விதான்" என்றார் தலைவர். "டிம் அடிச்சியா, இல்லையா?"

"அடிச்சேன்."

காஸ்பர் விருட்டென்று எழுந்தார். "பாத்தீங்களா? இன்னும் அதையே..."

"அடிச்சேன். ஆனா மனோங் கண்ணுல வெளிச்சம் விழுந்துச்சு. அவர் சொன்னது நெசம். அதை முதல்ல எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள் டொமிங்கா.

"மழை பெஞ்சுது, ஆனா நனையலங்கிற" என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது.

"வெளிய வாங்க. காட்டறேன்."

பொழுது சாய்ந்து பனி சந்தை வரைக்கும் வந்திருந்தது. கிடங்கின் பெரிய சுவருக்கு எதிரே லாரியை நிறுத்தி, டேப்பை உரித்தாள். வெளிச்சம் இடது பக்கம் ஏறியது. அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அந்த வெளிச்சத்துக்குள் நிறுத்தினாள். காஸ்பர் கண்ணை மூடிக்கொண்டார். "இதேதான். அன்னிக்கும் இதேதான்" என்றார். அவள் ஓடிப் போய் இரண்டு கண்ணாடியிலும் கையை வைத்தாள். "இப்ப?" என்றாள்.

காஸ்பர் கண்ணைத் திறந்தார். சுவரைப் பார்த்தார், தங்கையின் கைகளைப் பார்த்தார். ஸ்டீயரிங் மாறிய கதையை அவள் சுருக்கமாகச் சொன்னாள்.

"அப்ப நீ அடிச்சிருக்கே" என்றார் காஸ்பர்.

"அடிச்சேன் மனோங்."

அவர் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. சட்டைப் பையிலிருந்து பாக்குப் பொட்டலத்தை எடுத்து, நல்ல பாக்காக ஒன்று பார்த்து, வெற்றிலையில் மடித்துத் தங்கை கையில் கொடுத்தார். அவள் வாயில் போட்டுக்கொண்டாள். நெஸ்டருக்குத்தான் அழுகை வந்தது.

"முறை அவளோடதுதான். கூட்டம் முடிஞ்சுது" என்றார் அம்ப்ரோசியோ.

ஆனால் யாரும் கலையவில்லை. ஒரு இளம் ஓட்டுநர் தன் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தலைவரே, என் வண்டியும் ஜப்பான்லேர்ந்து வந்ததுதானே" என்றான்.

அவன் வண்டியைச் சுவருக்குத் திருப்பினார்கள். இடது பக்கம் ஏறியது. அடுத்த வண்டியும் ஏறியது. தலைவரின் வண்டியும் ஏறியது. முதலில் சிரித்தார்கள், ஒருவன் முதுகில் ஒருவன் தட்டினான். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. இத்தனை வருஷமாக அந்தச் சாலையில் ஒருவர் கண்ணை ஒருவர் குத்திக்கொண்டே, ஒருவர் தாயை ஒருவர் திட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

"காஸ்பர் மனோங்."

மூட்டை தூக்குகிறவர்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. தோளில் உருளைக்கிழங்கு மூட்டையோடு ரூபென் நின்றிருந்தான். இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு வரை அவனும் ஓட்டுநர்தான். ஜப்பானிலிருந்து வந்த காஸ்பரின் லாரிக்கு எதிரே போய், பள்ளத்தில் உருண்டு, காலை ஒடித்துக்கொண்டவன். அரிசிச் சாராயம் குடித்திருந்தான் என்று சங்கம் அவனை நீக்கியது. காஸ்பர்தான் சாட்சி சொன்னார்.

"குடிச்சிருந்தேன், இல்லைங்கல. ஒரு குவளை" என்றான் ரூபென். "ஆனா கண்ணுல வெளிச்சம் அடிச்சுதுன்னு அன்னிக்கு நானும் சொன்னேன்."

காஸ்பர் ஓரடி முன்னால் வந்தார். "நான் டிம் அடிச்சேன் ரூபென். ஆண்டவன் மேல சத்தியமா அடிச்சேன்."

"அடிச்சிருப்பீங்க."

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"தலைவரே" என்றார் காஸ்பர். "என் முறையை அவனுக்குக் குடுங்க."

"அவன்கிட்ட வண்டி எங்க இருக்கு? உன் வண்டியும் பட்டறையில கிடக்கு."

நெஸ்டர் மனைவியைப் பார்த்தான். பார்த்த உடனேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் மூடிக்கொண்டான். அவள் அப்படிப்பட்டவள் என்பதால்தானே அவன் இத்தனை வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான்.

"என் வண்டி இருக்கு" என்றாள் டொமிங்கா. சாவியை உருவி நீட்டினாள். "ரூபென், நாளையிலேர்ந்து என் லோடை நீ ஓட்டு. கை பழகற வரைக்கும் நான் பக்கத்துல வர்றேன்."

"அப்ப நான்?" என்றான் நெஸ்டர்.

"மூட்டை மேல."

யாரோ சிரித்தார்கள். ரூபென் சிரிக்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்தான். டொமிங்காவின் கையிலிருந்த சாவியைப் பார்க்காமல், காஸ்பரையே பார்த்தான்.

"ஓட்டறேன். ஆனா முதல் தடவை இவரும் வரணும். மேல ஏறும்போது, நான் விழுந்த வளைவுல வண்டியை நிறுத்துவேன். டேப் ஒட்டாம விளக்கைப் போடுவேன். அன்னிக்கு நான் இருந்த இடத்துல, பள்ளத்து ஓரமா, இவர் எனக்கு எதிர்ல நின்னு அந்த வெளிச்சத்தைப் பாக்கணும்."

பனி சுவரை மூடிக்கொண்டு வந்தது. டொமிங்கா சாவியைச் சட்டென்று உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "மனோங், வேண்டாம்" என்றாள்.

காஸ்பர் தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தார். போய் ரூபென் கையில் வைத்தார்.

"கிளம்பு" என்றார்.